பார்த்தாலே குறையும்

கூலிங்காரருக்குப் பிடிக்காத காரியங்கள் இரண்டு. வேலை நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "தெரிஞ்சுதா?" என்று கேட்பது ஒன்று. அனுப்பி வைத்த வண்டி திரும்பி வருவது இன்னொன்று. அன்று மருந்துக்கடைக்காரர் பட்டறை திறப்பதற்கு முன்பே வந்து நின்று இரண்டையும் சேர்த்தே செய்தார்.

அந்தத் தெரு முழுக்க வண்டிப் பட்டறைகள்தான். டயருக்கு ஒருவர், பெயிண்டுக்கு ஒருவர், எஞ்சினுக்கு ஒருவர். கூலிங்காரர் காரின் ஏசியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். எஞ்சினிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தாலும் அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை என்று அடுத்த கடையைக் கைகாட்டிவிடுவார். ஆனால் ஏசி என்று வந்துவிட்டால் ஆள் விடாக்கண்டன். அவர் கைவைத்த வண்டி மறுபடி வராது என்பது தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரிடம் அந்த வெள்ளைச் சின்னக் கார் மூன்றாவது முறையாக வந்திருந்தது. பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா கண்ணாடிக் கதவைத் துடைத்தபடியே, "போன மச்சான் திரும்பி வந்தான்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். தம்பி ஷட்டரைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு தூக்கினார்.

காருக்கு ஏசி கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல. உடம்பில் ரத்தம் ஓடுவதுபோலச் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்றுதான் பொருள். முதல் தடவை வந்தபோது முன்பக்கக் குழாய் இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் நைந்திருந்தது. அதை மாற்றி, கசிவு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தையும் கேஸோடு ஏற்றி அனுப்பினார். இரண்டாம் தடவை வந்தபோது சாயம் எங்கேயும் ஒழுகியிருக்கவில்லை. சந்தேகத்துக்கு நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி ஓர் இரவு முழுக்க விட்டுவைத்தார். காலையில் முள் வைத்த இடத்திலேயே நின்றது. வண்டி கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அந்தக் கல் இப்போது மறுபடியும் வெறும் காற்றை ஊதிக்கொண்டு வந்து நிற்கிறது.

வேறு யாராவது கைவைத்தார்களா என்று கடுப்போடு கேட்டார். மருந்துக்கடைக்காரர் இல்லவே இல்லை என்றார். மனிதர் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். கேள்வி கேட்டால் கொஞ்சம் யோசித்து, பதிலைச் சரிபார்த்துவிட்டுத்தான் சொல்வார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதனால் கூலிங்காரருக்குக் கோபம் இன்னும் ஏறியது. பொய் சொல்கிற ஆளாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டாவது வேலையைத் தொடங்கலாம்.

அப்போதுதான் பின்கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். கழுத்தில் ஈரத்துண்டு, கையில் தண்ணீர்ப் பாட்டில்.

"வா பாப்பா, இங்க புழுதி, அக்கா கடையில உட்காரு" என்றார் கூலிங்காரர்.

"பாப்பா இல்ல. எட்டாவது படிக்கிறேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா கடையின் குளிருக்குள் போய்விட்டாள்.

மருந்துக்கடைக்காரர் மற்றதைச் சொன்னார். அவருடைய மகளுக்கு வியர்க்காது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. நமக்கு வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறது என்று அலுத்துக்கொள்கிறோம், அந்த வியர்வைதான் உடம்பின் ஏசி. அவளுக்கு அது இல்லை. வெளியே எவ்வளவு சூடோ அந்தச் சூடு அப்படியே உள்ளே ஏறும், இறங்க வழி கிடையாது. இத்தனை வருஷமும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் படிக்கவைத்தார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவளுக்கு டீச்சரானாள். இந்த வருஷம்தான், குளிரூட்டிய வகுப்பறை உள்ள ஒரு பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் கிடைத்தது. இந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான்.

போன வாரம் மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பாலத்தின்மேல் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. பின்சீட்டில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால் அவள் சரிந்து கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் ஐஸ் ஒற்றி, ஊசி போட்டு, ஒருவழியாகக் கண்ணைத் திறந்தாள். அன்றோடு அவள் அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள், பள்ளிக்கூடம் வேண்டாம் என்று. இவரும் மகளும் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் அவகாசம் வாங்கியிருக்கிறார்கள். இன்று மதியம் அம்மா இங்கே வருவாள். வண்டி சரியாகிவிட்டது என்று அவள் மனசு நம்ப வேண்டும். நம்பாவிட்டால் பழையபடி வீடுதான்.

"இதையெல்லாம் மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் கூலிங்காரர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"சொன்னா மட்டும் வேற மாதிரி பார்த்திருப்பீங்களா?"

குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூலிங்காரருக்குத்தான் சுருக்கென்றது. எல்லா வண்டியையும் ஒரே மாதிரி பார்ப்பவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அல்லவா.

வேலையில் இறங்கினார். எஞ்சின் மூடியைத் தூக்கி, மோப்பக்கருவியைக் குழாய் குழாயாக ஓட்டினார். கேஸ் வாடை பட்டால் கத்துகிற கருவி, வாயே திறக்கவில்லை. இணைப்புகளில் சோப்பு நுரை வைத்தார், ஒரு குமிழி கிடையாது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ப்பெட்டி ஓட்டையாக இருந்தால் மொத்த டாஷ்போர்டையும் கழற்ற வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாயையும் துடைத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். நடு நடுவே பின்னாலிருந்து "தெரிஞ்சுதா?" என்று குரல் வந்தது. வழக்கமாக இருந்தால் ஸ்பானர் பறந்திருக்கும்.

அக்கா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஆனைக்கும் அடி சறுக்கும்டா" என்றாள். இந்தத் தடவை அதில் கேலி இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். போகும்போது தம்பியின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

கடைசியாக ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கிப் பட்டறையை இருட்டாக்கினார். மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊதா விளக்கை எடுத்தார். கேஸோடு ஏற்றிய சாயம் எங்கேயாவது துளி வெளியே வந்திருந்தாலும் இந்த வெளிச்சத்தில் பச்சையாகப் பளிச்சென்று எரியும். கம்ப்ரஸரைச் சுற்றினார். சூட்டை வெளியே விடும் முன்பக்க வலையை மேலிருந்து கீழாக மேய்ந்தார். எங்கும் இருட்டுதான். கேஸ் ஏற்றுகிற வாயைச் சுற்றி மட்டும் லேசாகப் பச்சை தெரிந்தது. அது எல்லா வண்டியிலும் தெரிவதுதான். கேஸ் ஏற்றிவிட்டு ஹோஸைக் கழற்றும்போது ஒரு சொட்டு அங்கே தெறிக்காமல் இருக்காது. போன தடவை செய்ததுபோலவே துணியால் அதைத் துடைத்துவிட்டு அப்பால் போனார்.

"தெரிஞ்சுதா?"

மருந்துக்கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் குனிந்து, வண்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஊதா விளக்கு தற்செயலாக அந்தக் கையின்மேல் விழுந்தது. கட்டைவிரல் நகத்தின் ஓரம் பச்சையாக எரிந்தது. ஆட்காட்டி விரலின் நுனி எரிந்தது. மடிப்புக் கலையாத சட்டைக் கையின் விளிம்பில் பொட்டுப் பொட்டாகப் பச்சை.

கூலிங்காரர் விளக்கை நகர்த்தவில்லை.

"சார், அந்தக் கையில என்ன?"

மருந்துக்கடைக்காரர் ஏதோ பூச்சி ஏறிவிட்டதோ என்று கையை உதறினார். வெறும் கண்ணுக்கு எதுவுமே தெரியாத கை. கூலிங்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். தன் விரலே தீபோல எரிவதைப் பார்த்து மனிதர் திகைத்துப்போனார்.

கைவைத்தீர்களா என்று மறுபடி கேட்டதற்குக் கைவைக்கவில்லை என்றுதான் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, பார்க்க மட்டும் செய்வேன் என்றார். எப்படிப் பார்ப்பீர்கள் என்றதும் காருக்குள் போய், வெள்ளைத் துணியில் சுற்றிவைத்திருந்த ஒரு பொருளை எடுத்துவந்து பிரித்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கேஜ், அதில் ஒரு முழம் ஹோஸ். வண்டிச் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கிற சங்கதி. காட்டுங்கள் என்றதும் பழகிய கையாகக் கேஸ் வாயின்மேல் அதை அழுத்தினார். முள் எழுந்தது. கண்ணை இடுக்கிப் படித்தார், உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார், கழற்றினார். கழற்றும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சின்ன மூச்சு வந்தது.

கூலிங்காரருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தினமும் இப்படியா என்று கேட்டார். தினமும்தான் என்றார் அவர், பெருமை என்று சொல்ல முடியாது, ஒரு நிம்மதியோடு. காலையில் மகளை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை. மதியம் பள்ளிக்கூட வாசலில் அவள் வருவதற்குள் ஒரு தடவை. சந்தேகமாக இருந்தால் இன்னொரு தடவை. அவருடைய கடையில் அப்படித்தான் வழக்கம். மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை பெயரைப் படிப்பார், கையில் கொடுக்கும்போது மறுபடி படிப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை.

"பார்க்கிறதால என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார்.

இந்த இடத்தில் கூலிங்காரருக்கு ஒரு பொய் தோன்றியது. நல்ல பொய். ஒரு ஹோஸைக் கையில் எடுத்து, இதில்தான் சார் ஓட்டை, மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். மனிதர் சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு போவார். மறுநாள் காலை துணியைப் பிரித்து, கேஜை எடுத்து, மறுபடியும் 'ஸ்ஸ்'. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், கேஸ் எம்மாத்திரம். கொஞ்ச நாளில் இன்னொரு மதியம், இன்னொரு பாலம். கேஜை வேண்டாம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டாலும் ஏன் என்று கேட்காமல் விடுகிற ஆளா இவர்? சரி, உள்ளதைச் சொல்லலாம் என்றால், பெற்ற மகளைச் சாகிற நிலைக்குக் கொண்டுபோனது உங்கள் விரல்தான் என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? கூலிங்காரர் அதுவரை எத்தனையோ பேரிடம் எத்தனையோ வண்டியைப் பற்றி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். இது வண்டியைப் பற்றிய பேச்சு இல்லை.

முக்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தார். தானும் டயர்மேல் உட்கார்ந்தார்.

"குறையும் சார். உங்க தொழில்ல எத்தனை தடவை பார்த்தாலும் மருந்து அப்படியே இருக்கும். இதுல பார்த்தாலே குறையும். ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு வெளிய போகுது. அழுத்தி அழுத்தி உள்ள இருக்கற வால்வும் தளர்ந்து போயிருக்கும்."

மருந்துக்கடைக்காரர் அதை ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்த்தார். சரிபார்த்தார். பிறகு கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நான்தானா?"

"நீங்க மட்டும் இல்ல" என்றார் கூலிங்காரர். அதைச் சொல்ல வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த மனிதரைத் தனியாக விட அவருக்கு மனசு வரவில்லை. "நைட்ரஜன் அடிச்சு ராத்திரி பூரா கேஜ் மாட்டி வச்சேனே, எங்க மாட்டினேன்? அதே வாயிலதான். ஓட்டை மேலயே மூடியைப் போட்டுட்டு, ஒழுகலன்னு சர்டிபிகேட் கொடுத்தவன் நான். சாயம் அங்க தெரிஞ்சப்பவும் நான் தெறிச்சதுன்னு நானே துடைச்சுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்திருக்கோம் சார்."

கேஸ் வாயில் ஒரு சொட்டு சோப்பு நீர் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, ஒரு குமிழி பருத்தது. இருவரும் அது உடைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் முணுமுணுத்தார். கூலிங்காரர் நுரையைத் துடைத்தார்.

அதற்குமேல் வேலை சுளுவானது. மிச்சமிருந்த கேஸை இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்தார். சைக்கிள் டியூப் வால்வுபோல உள்ளே இருக்கும் அந்தச் சுண்டுவிரல் நகமளவு வால்வைக் கழற்றிப் புதிது போட்டார். பக்கத்திலிருந்த இன்னொரு கேஸ் வாய்க்கும் போட்டார். ரப்பர் வைத்த மூடிகளை அக்கா தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து நெடுநேரம் இழுத்தார். காற்றை இழுத்த நிலையில், கேஜை மாட்டியும், கழற்றிவைத்து மறுபடி மாட்டியும் சோதித்தபிறகே கேஸைத் தராசில் வைத்து அளந்து ஏற்றினார். கேஜைக் கழற்றியதும் சோப்பு வைத்தார். குமிழி இல்லை. பின்னாலிருந்து யாரும் "தெரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. அந்தக் குரல் கேட்காதது அவருக்கு என்னவோ போலிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் அம்மா பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தாள். தோளில் ஒரு பெரிய கைப்பை, முகமெல்லாம் வியர்வை. அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. மகள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு நேராகக் கூலிங்காரரிடம் வந்தாள்.

"அண்ணா, ஏசி இனிமே நிக்காதுன்னு உறுதி சொல்வீங்களா?"

கூலிங்காரர் மருந்துக்கடைக்காரரைப் பார்க்காமல், வால்வு தளர்ந்திருந்தது, புதிது போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று ஆரம்பித்தார். பொய் இல்லை. பாதி உண்மை. மற்றப் பாதியை அவர் வாயால் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். கணவன் மனைவிக்கு நடுவே மெக்கானிக்குக்கு என்ன வேலை?

"வால்வு தானா தளரல" என்றார் மருந்துக்கடைக்காரர். அக்காவும் மகளும் கதவைத் திறந்துகொண்டு அங்கே வந்து நின்றிருந்தார்கள். அவர் அதையும் பொருட்படுத்தாமல் முழுவதையும் சொன்னார். கேஜ் வாங்கியது, காலையும் மதியமும் பார்த்தது, ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு. அன்று பள்ளிக்கூட வாசலில் முள் இறங்கியிருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி வைத்துப் பார்த்ததையும் சொன்னார். "நான்தான் காலி பண்ணிட்டேன். அவளை நான்தான் அப்படிப் பண்ணிட்டேன்." தெருவே பார்க்க, கழுத்துவரை பொத்தான் போட்ட அந்த மனிதர் அழுதார்.

அவர் மனைவி என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அதற்குள் மகள் குறுக்கே வந்தாள்.

"அப்பாவால இல்லம்மா. பாலம் ஏறும்போதே எனக்குத் தெரியும், காத்து சூடா வருதுன்னு. அப்பா முன்னாடி இருந்து 'குளிருதா கண்ணு'ன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தார். நான்தான் குளிருதுன்னேன்."

"ஏன்?" என்றாள் அம்மா.

"சூடுன்னு சொன்னா ஸ்கூலை நிறுத்திடுவே."

தெருவில் யாரோ இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூலிங்காரர் கையில் இருந்த துணியையே மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பாலத்தின்மேல், முன்சீட்டில் ஒருவர் குளிருதா என்று கேட்க, பின்சீட்டில் கொதித்துக்கொண்டே குளிருது என்று ஒரு குழந்தை சொல்லியிருக்கிறது. பாப்பா இல்லை என்றாளே, குழந்தைதான்.

அம்மா கணவனைத் திட்டவில்லை. மகளையும் திட்டவில்லை. கூலிங்காரரிடம்தான் பேசினாள்.

"கேஸ் ஒழுகினா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. இவ வாயை மூடிக்கிட்டா யாருண்ணா கண்டுபிடிக்கிறது?"

அதைக் காட்டிக்கொடுக்க அவரிடம் விளக்கு இல்லை. மனசில் பட்டதைச் சொன்னார். எந்த வண்டிக்கும் அவரால் ஆயுசுக்கு உறுதி தர முடியாது. ரப்பர் என்றால் நையும், இரும்பு என்றால் துருப்பிடிக்கும். நாளைக்கே ஒரு கல் தெறித்து முன்வலை ஓட்டையாகலாம். ஏசி நின்றுவிட்டால் வண்டியை நிழலில் ஒதுக்கிவிட்டு அவரைக் கூப்பிடலாம், எங்கே இருந்தாலும் வருவார். ஆனால் நின்றுவிட்டது என்று சொல்ல ஆள் வேண்டும்.

"வண்டியை எடுங்க" என்றாள் அம்மா. "ஒரு தடவை அந்தப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம். அண்ணா, நீங்களும் வாங்க."

அக்கா குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில்களையும் நனைத்த துண்டையும் கூலிங்காரர் கையில் திணித்தாள். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அவருடைய வலது கை எஞ்சின் மூடியைத் திறக்கும் கொக்கியின் பக்கம் போய், அப்படியே திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது. பின்சீட்டில் கூலிங்காரரும் அந்தப் பெண்ணும். முன்னால் அம்மா. அவள் கைப்பையை மடியில் வைக்காமல், நடுவில், ஏசி பொத்தான்களை மறைத்தாற்போல நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

காற்று நன்றாகக் குளிர்ந்து வந்தது. கூலிங்காரருக்குத் தன் வேலையின்மேல் பழைய கர்வம் கொஞ்சம் திரும்பியது. பக்கத்தில் இருந்தவளிடம் பள்ளிக்கூடத்தில் யாரெல்லாம் தோழிகள் என்று விசாரித்தார். இரண்டு பேர் என்றாள். ஒருத்தி இவளுக்காக ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாளாம், ஏசி காற்று அங்கேதான் நேராக விழுமாம். அந்த இரண்டு பேரைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பாலம் ஏறும் இடத்தில் வழக்கம்போல வண்டிகள் தேங்கி நின்றன. நாலாபக்கமும் தகரம் வெயிலில் மின்னியது. அப்போது முன்னால் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கூலிங்காரர் சட்டென்று நிமிர்ந்தார். கம்ப்ரஸர் விட்டுவிட்ட சத்தம் அது. விசிறி மட்டும் ஓடுகிறது, குளிர் இல்லை. தன் வேலை மறுபடியும் பொய்த்துவிட்டதா?

எட்டிப் பார்த்தார். கைப்பைக்குப் பின்னால் அம்மாவின் விரல் ஏசி பொத்தானின் மேல் இருந்தது. அவள்தான் அணைத்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த கை இறுகியது. மனைவி பக்கம் திரும்பினார். அவள் பார்த்த பார்வையில் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு சாலையைப் பார்த்தார். 'குளிருதா கண்ணு' என்று கேட்காமலிருக்க அந்த மனிதர் பட்ட பாட்டைப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது.

காற்று வெதுவெதுப்பானது. பிறகு சூடானது. பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். அவள் அம்மாவின் பின்தலையைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள். கூலிங்காரருக்கு ஈரத்துண்டை எடுத்து அவள் கழுத்தில் போட்டுவிட வேண்டும் என்று கை பரபரத்தது. சொல்லு தாயே, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். ஏசி பழுதாகவில்லை என்று தெரிந்தவருக்கே அந்த நேரம் அவ்வளவு நீளமாக இருந்தது. இன்றைக்குச் சூடு என்று சொன்னால் பள்ளிக்கூடம் போச்சு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"காத்து சூடா வருது. ஓரமா நிறுத்துங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏசி நின்னுடுச்சு."

அம்மா கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். பொத்தானை அமுக்கினாள். 'டிக்' என்றது. சில்லென்று காற்று வந்தது.

"நீயாம்மா அணைச்சே?"

"நான்தான்."

முன்னால் நின்ற வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மருந்துக்கடைக்காரர் வண்டியை எடுக்கவே மறந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவர் தோளைத் தொட்டு, போங்க என்றாள். பிறகு இருக்கையில் முழுக்கத் திரும்பி, கையை நீட்டி மகளின் கன்னத்தில் வைத்துச் சூடு எவ்வளவு என்று பார்த்தாள். அந்தக் கையை அவள் எடுக்கவேயில்லை.

"இப்படித்தான் சொல்லணும். எப்பவும் இப்படியே சொல்லு. நாளையிலிருந்து ஸ்கூலுக்குப் போ."